கருவி வந்த வழியும் ஆசிரியர் கற்ற வழியும்

வகுப்பறைக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அரசாணைகளையும் கொள்முதல் கணக்குகளையும் கொண்டே எழுதப்படுவதால், எந்த ஆண்டில் எத்தனை பள்ளிகளுக்கு எது வழங்கப்பட்டது என்பது துல்லியமாகக் கிடைக்கிறது. வழங்கப்பட்டதை ஆசிரியர் எப்போது, யாரிடம், எந்த மொழியில் கற்றுக்கொண்டார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. கணினியும் திறன் பலகையும் கைப்பேசிச் செயலியும் கற்பித்தலுக்குள் வந்த கதையை 1980களில் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் கருவிக்கும் ஆசிரியருக்கும் இடையிலான இழுபறி அதைவிடப் பழையது. அதன் முதல் ஆவணங்களுள் ஒன்று சென்னை எழும்பூரிலேயே பிறந்தது என்பதால், தமிழகத்தைப் பொறுத்தவரை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கருவி என்பது வெளியிலிருந்து வருகிற சரக்காக இருக்கவில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை படிந்த பிறகே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் நகர்ந்தது. ஓலையைப் பதப்படுத்துவது, வாருவது, கீறிய எழுத்து கண்ணுக்குத் துலங்குவதற்காக விளக்குக்கரியையும் பச்சிலைச் சாற்றையும் பூசுவதாகிய மையாடல் ஆகிய யாவும் ஆசிரியருக்குத் தெரிந்த கைவேலைகள். அவற்றைப் பிள்ளைகளும் உடனிருந்தே கற்றனர். முன்னேறிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையவர்களுக்கு எழுத்தறிவித்தான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு, மாகாணத்தில் இத்தகைய நாட்டுப்புறப் பள்ளிகள் 12,498 இருந்ததாகக் காட்டுகிறது. பயிற்சி நிறுவனம் எதுவும் இல்லாமலே அத்தனை பள்ளிகளிலும் ஏறக்குறைய ஒரே வகைக் கருவிகள் புழங்கியதற்குக் காரணம், அன்றைய மாணவனே நாளைய அண்ணாவி, அதாவது திண்ணைப் பள்ளி ஆசிரியர், என்னும் எளிய ஏற்பாடுதான். (அந்த ஏற்பாடு எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறந்துவிட்டு அதைப் பொற்காலமாகப் பேசுவோரும் உண்டு.)

1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1789இல் ஏற்பட்ட ஆண்கள் விடுதிப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்தபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியின் கடைசி வகுப்பிலும் நடைமுறைப்படுத்த விரும்பினார். கீழ்வகுப்பு உதவியாசிரியர்களோ, மணலில் எழுத்துக் கற்பிப்பது இயலாத காரியம் என்று கைவிரித்தனர். பெல் அவர்களோடு வாதிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் செய்து காட்டினான். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டைப் பெல் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. பெல்லின் கொடையால் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்த கதையாக இது பலராலும் சொல்லப்படுவதுண்டு. அதைவிடக் கவனிக்கத்தக்கது இதிலுள்ள வரிசை: கருவியை மேலிருந்து ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், நாள்தோறும் வகுப்பெடுப்பவர் தயங்குகிறார், அவரைத் தாண்டிக் கருவி நேரே பிள்ளையின் கைக்குப் போகிறது. இந்த வரிசையைப் பின்னால் இன்னொரு முறையும் காண நேரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த கரும்பலகையும் சிலேட்டும் வேரூன்றிய விதம் இதற்கு மாறானது. சென்னையில் 1856இல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக அறியப்பட்டது அதுவே. இத்தகைய நிறுவனங்களில் கரும்பலகையில் எழுதுவது தனிப் பயிற்சியாகவே அமைந்தது: கோணாமல் எழுதுவது, கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில் எழுதுவது, எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டாமல் நிற்பது. பலகை வெளுத்துப்போனால் கோவை இலையையும் ஊமத்தை இலையையும் கரியோடு அரைத்துப் பூசிக் கறுப்பாக்கும் பழக்கம் கிராமப் பள்ளிகளில் அண்மைக்காலம் வரை இருந்தது. ஓலைக்கு மையாடிய கை, அதே கரியையும் பச்சிலையையும் கொண்டு பலகைக்கும் மையாடியது. தாமே பழுதுபார்க்கத் தெரிந்த கருவியிடம் ஆசிரியருக்கு அச்சம் இருக்கவில்லை. பின்னால் வந்த மின்கருவிகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

வானொலியில் ஆசிரியருக்குப் பெரிய வேலையில்லை. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. பள்ளி ஒலிபரப்பு வளர்ந்தபோது, குறித்த நேரத்தில் பெட்டியைத் திருகிவிட்டு வகுப்பை அமைதியாக வைத்திருப்பதே ஆசிரியரின் பங்காக இருந்தது. தொலைக்காட்சியும் அதே போக்கில்தான் தொடங்கியது. 1959இல் டெல்லியில் தொலைக்காட்சி வந்து, 1961இல் அந்நகரப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பு தொடங்கிற்று. இந்தப் போக்கிலிருந்து சற்றே விலகியது செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. தமிழகம் அந்த ஆறில் இல்லை. கிராம மக்களுக்கான உழவு, உடல்நல நிகழ்ச்சிகளே இன்று பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. ஆனால் தொடக்கப்பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு, தொலைக்காட்சியும் வானொலியும் அச்சிட்ட கையேடும் நேரடிச் செய்முறையும் கலந்த பயிற்சி அந்த ஓராண்டுக்குள் அளிக்கப்பட்டது. மின்னணுக் கருவியை மாணவர் பார்க்கும் பெட்டியாக மட்டும் நிறுத்தாமல் ஆசிரியர் கற்கும் இடமாகவும் கருதிய முதல் பெருமுயற்சி இதுவே எனலாம். சோதனை முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கருத்தும் நெடுங்காலம் கிடப்பில் போயிற்று.

கணினி பள்ளிக்குள் நுழைந்தது 1984-85இல், பள்ளிகளில் கணினி எழுத்தறிவு மற்றும் படிப்புக்கான மைய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாக. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக உருவாக்கிய பிபிசி மைக்ரோ என்னும் சிறுகணினி முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. பரவலாகப் புழங்கிய அதன் மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒளிப்படம் அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். பள்ளிக்குச் சில ஆசிரியர்கள் வள மையங்களுக்குச் சென்று குறுகிய காலப் பயிற்சி பெற்றுத் திரும்பினர். உடன் வந்த மென்பொருளோ ஆங்கிலத்தில், வேறொரு நாட்டுப் பாடத்திட்டத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கணக்கையோ வரலாற்றையோ அதைக்கொண்டு நடத்த வழியில்லாததால், கணினியைக் கொண்டு பாடம் கற்பிப்பது என்ற நோக்கம் கணினியையே பாடமாகக் கற்பிப்பதாகச் சுருங்கிற்று. இச்சுருக்கத்தின் விளைவு நீண்டது: கணினி ‘கணினி ஆசிரியருடையது’ என்ற எண்ணம் பள்ளிகளில் நிலைபெற்று, தமிழாசிரியருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் அந்த அறையில் வேலையில்லை என்றாயிற்று.

அதே காலத்தில் நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் கரும்பலகையே இல்லை என்று கல்விக் கணக்கெடுப்பு காட்டியது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பேரில் 1987-88இல் கரும்பலகைத் திட்டம் தொடங்கப்பட்டது. கணினி 250 பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்து மூன்றாண்டுகளுக்குப் பின் கரும்பலகைக்குத் திட்டம் வகுத்த நாடு இது. அத்திட்டத்தில் வந்த அறிவியல் பெட்டிகளும் வரைபடங்களும் பல பள்ளிகளில் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. இதை ஆசிரியரின் சோம்பலாகக் கொள்வது எளிது. உடைந்தாலும் தொலைந்தாலும் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டிய பொருள்களாக அவை இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தன; தட்டுத்தடுமாறிப் பழகினால்தான் கைவரும் ஒரு கருவியைப் பழுதாகக் கூடாத பொருளாகக் கணக்கில் வைத்துவிட்டால், பூட்டி வைப்பதே அறிவுடைமையாகிவிடுகிறது. கணினி அறைகளின் பூட்டுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் உள்ள உறவு இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியது.

தமிழ்வழி ஆசிரியருக்குக் கூடுதலாக ஒரு தடை இருந்தது. 1990களிலும் அதற்குப் பின்னும் கணினித் தமிழ் என்பது ஒன்றோடொன்று ஒவ்வாத பல எழுத்துருக்களின் தொகுதி. ஒரு பள்ளியில் பாமினியில் தட்டிய வினாத்தாளை, வானவில் மட்டுமே உள்ள மற்றொரு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தென்படும். விசைப்பலகைகளும் அவ்வாறே வேறுபட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசால் தரப்படுத்தப்பட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையை அரசு ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆசிரியர் உருவாக்கிய பாடக்குறிப்பு இன்னோர் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தாலும் படிக்க முடியாதிருந்தது. ஒருங்குறி பரவிய பிறகே ஆசிரியர்களின் வலைப்பூக்களும் மின்னஞ்சல் குழுக்களும், பின்னர் வாட்ஸ்அப் குழுக்களும் உண்மையில் உயிர்பெற்றன. திறன் பலகைக்குச் செலவான தொகைகளைக் காட்டிலும் இந்த எழுத்துச் சீர்திருத்தம் வகுப்பறைக்குச் செய்த நன்மை அதிகம் என்று கொள்வதில் தவறில்லை.

ஆசிரியர் பயிற்சி வெற்றி கண்ட இரண்டு இடங்களை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒன்றில் மின்கருவியே இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் தமிழகம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான, குழந்தைகள் கற்றல் அட்டைகளைக் கொண்டு தாமே பயிலும் அட்டைமுறையைத் தழுவியது. தொடக்கத்தில் ஆசிரியர்களே ரிஷிவேலிக்குச் சென்று வகுப்புகளை நேரில் கண்டு திரும்பி அட்டைகளைத் தயாரித்தனர். கரும்பலகை குழந்தையின் உயரத்துக்குச் சுவரில் இறங்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே வீச்சில் விரிந்தபோது பழைய செறிவு குறைந்தது என்பதும் மறுக்க முடியாதது. மற்றொன்று கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பணியிலிருக்கும் ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக்கியது. உரிமக் கட்டணம் வேண்டாத, எவரும் திருத்திக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் மலையாளத்தில் அமைந்த பயிற்சிக் கருவிகளை அங்கேயே உருவாக்கவும் முடிந்தது. 2005இல் விக்டேர்ஸ் கல்வி அலைவரிசை வந்தது. 2017இல் திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக மாற்றும் பெரும்பணி அதன் பின்னரே நடந்தது. பயிற்சி முன்னும் கருவி பின்னுமாக வந்த அரிய நிகழ்வு அது.

தமிழகம் தேர்ந்தது வேறு வழி. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினியைச் சொந்தமாக்கியது. வீட்டில் முதன்முதலாகக் கணினி கண்ட குடும்பங்கள் எண்ணற்றவை என்பதால் சமூக நோக்கில் அதன் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் வகுப்பில் மாணவரிடம் மடிக்கணினி இருக்க, பாடம் நடத்துபவரிடம் இல்லாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. எழும்பூரின் ஃபிரிஸ்கன் மீண்டும் வகுப்பை ஏற்றான்.

2018இல் புதிய பாடநூல்கள் விரைவுத் துலங்கல் குறியீட்டோடு, அதாவது கைப்பேசிக் கேமராவால் படித்து உரிய காணொலிக்குச் செல்லவைக்கும் கட்டம் போட்ட சதுரத்தோடு வெளிவந்தன. இக்குறியீட்டைப் பாடநூலில் பயன்படுத்தும் எண்ணத்தை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் மகாராஷ்டிரத்தின் பரிதேவாடி என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே என்பதும், அவருக்கு 2020இல் உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது என்பதும் ஆசிரியரின் கையிலிருந்தும் கருவி பிறக்கும் என்பதற்குச் சான்று. 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஏழு மாதங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் படப்பிடிப்புக் கூடத்தில் நின்று பாடம் நடத்தக் கற்றனர்; ஊரிலிருந்தவர்கள் கைப்பேசியைச் செங்கல்லின் மேலோ புத்தக அடுக்கின் மேலோ சாய்த்துவைத்துக் கரும்பலகையைப் படம் பிடித்தனர். நாற்பதாண்டுப் பயிற்சித் திட்டங்கள் செய்யாததை அந்தச் சில மாத நெருக்கடி செய்தது. திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதே மாதங்களில் முற்றாக விடுபட்டனர் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

பயிற்சியைப் பற்றிய அறிவுத்துறைச் சிந்தனை இதற்குள் வெகுதூரம் வந்திருந்தது. பாடத்தை அறிவதும் கற்பிக்க அறிவதும் தனித்தனி அல்ல, ‘இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் அறிவு’ என ஒன்றுண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷூல்மன் 1986இல் எழுதினார். அதனோடு தொழில்நுட்ப அறிவையும் பிணைத்துப் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் வகுத்த சட்டகம் இன்று ஆசிரியர் கல்வியில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன்படி பொத்தான்களைக் காட்டிக்கொடுப்பது பயிற்சியாகாது; பின்னங்களைக் கற்பிக்க எந்தக் கருவி, எப்போது, எதற்கு என்று ஆசிரியர் தீர்மானிக்கக் கற்பதே பயிற்சி. நடைமுறையில் நிலவுவதோ அடுக்குமுறைப் பயிற்சி: மாநில அளவில் சிலருக்குக் கற்பித்து, அவர்கள் மாவட்டத்துக்கும், மாவட்டத்தார் வட்டார வள மையத்துக்கும் கொண்டுசெல்வது. ஒவ்வொரு படியிலும் செய்முறை குறைந்து சொற்பொழிவு மிகுவது இம்முறையின் பிறவிக்குறை. போதாததற்கு, வருகைப் பதிவும் புள்ளிவிவரமும் அதே கைப்பேசிக்குள் புகுந்துவிட்டதால், பல ஆசிரியர்களுக்குச் செயலி என்றாலே அலுவலக வேலை என்ற பொருள் ஏற்பட்டிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு தொடக்கப்பள்ளிகளில் திறன் வகுப்பறைகளையும் நடுநிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களையும் அமைத்து வருகிறது. மாணவருக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 2024இல், அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கைக்கணினி வழங்கும் பணி தொடங்கியது.