துருக்கித் தொப்பியும் சுற்றறிக்கைச் சேலையும்

1905ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி கொழும்பு உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காக முஸ்லிம் அத்வகாத்து ஒருவர் ஆஜரானார். யாழ்ப்பாணத்தவரான அவர் பெயர் எம். சி. அப்துல் காதர். தலையில் துருக்கித் தொப்பி, காலில் சப்பாத்து. பிரதம நீதியரசர் லயார்ட் அவரைத் தடுத்தார். தொப்பியைக் கழற்ற வேண்டும், அல்லது சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றார். மேனாட்டு முறைப்படி சப்பாத்து அணிபவர் தலையை வெறுமையாக வைத்திருக்க வேண்டும், கீழைத்தேய முறைப்படி தலையை மூடுபவர் வெறுங்காலுடன் நிற்க வேண்டும் என்பது அன்றைய நீதிமன்ற மரியாதை. அப்துல் காதர் இரண்டையும் கழற்றவில்லை. நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

அடுத்து நடந்தது இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் முக்கியமான ஓர் எழுச்சி. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முன்னின்று நடத்திய துருக்கித் தொப்பிக் குழு உருவானது. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன, மகஜர்கள் எழுதப்பட்டன. 1905 டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அக்கூட்டத்தில் பேசுவதற்கு இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்திருந்தார். ஈற்றில் தொப்பியோடும் சப்பாத்தோடும் நின்று வாதாடும் உரிமை கிடைத்தது. ஒரு தனிமனிதரின் தொழில் உடைக்காக ஒரு சமூகம் முழுவதும் எழுந்து நின்று வென்ற கதை இது.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அப்துல் காதரின் தலையில் இருந்த தொப்பி எங்கிருந்து வந்தது? எங்கள் கரையோர முஸ்லிம்களின் பரம்பரை உடையில் அது இருக்கவில்லை. 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து, 1901 வரை இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அணிந்திருந்ததைப் பார்த்துத்தான் நம்மவரிடையே அது பரவியது. துருக்கியிலும் அது பழைய உடையல்ல. உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் தலைப்பாகைக்குப் பதிலாகத் தம் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு விதித்த தொப்பி அது. அதே துருக்கி 1925இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தது.

ஆக, அப்துல் காதர் அணிந்திருந்தது அவருடைய காலத்தின் புதிய உடை. தனக்கு முன்னிருந்த தலைமுறை அணியாத ஒன்றை அவர் தன் அடையாளமாகத் தெரிந்தெடுத்தார். "உங்கள் வாப்பாவின் வாப்பா இதை அணிந்தாரா?" என்று கேட்டு யாரும் அவருடைய உரிமையை மறுக்கவில்லை. அவர் தெரிந்தெடுத்ததையே சமூகம் தன் மானமாக ஏற்றுக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பெண்களின் பக்கம் திரும்புவோம்.

அதே 1905ஆம் ஆண்டில் பெண்களின் உடை பற்றியும் இலங்கையில் ஒரு விவாதம் எழுந்தது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, ஐரோப்பிய உடையில் ஒரு கண்டியப் பெண்ணைக் கண்டு வருந்தி, 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஆண்கள் மேனாட்டு உடைக்கு மாறுவதும் அவருக்கு விருப்பமில்லைதான். அநகாரிக தர்மபாலவும் சிங்களப் பெண்கள் ஐரோப்பியக் கவுனை விட்டுச் சேலை உடுக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார். காலப்போக்கில் இந்த அறிவுரைகளில் எது நிலைத்தது என்று பாருங்கள். ஆண்கள் காற்சட்டையும் சேர்ட்டும் அணிந்து கந்தோருக்குப் போனார்கள், அது உத்தியோக உடையாயிற்று. பெண்களுக்குச் சொன்னது மட்டும் விதியாகத் தங்கிவிட்டது. ஆண்களின் பக்கம் உடை உரிமையாகப் பேசப்பட்டது. பெண்களின் பக்கம் அது பண்பாட்டைக் காவல் செய்யும் வேலையாகப் பேசப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளாக நம் நாட்டுத் தொழில் உலகில் நடப்பது இந்த வேறுபாட்டின் தொடர்ச்சியே.

நம் கல்முனைக்குடியையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்க்கலாம். நம் மூத்தவாப்பாமார் சாரனும் தொப்பியுமாக இருந்தார்கள். அவர்களுடைய பேரன்மார் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனபோது காற்சட்டைக்கு மாறினார்கள். மருதமுனைத் தறியில் நெய்த சாரன் வீட்டு உடையாகவும் ஜும்ஆ உடையாகவும் ஒதுங்கியது. இதற்காக எந்தக் கூட்டமும் நடக்கவில்லை, எவரும் ஈமானையோ பண்பாட்டையோ இழந்துவிட்டதாகச் சொல்லப்படவில்லை.

பெண்களின் உடையும் மாறியது. நம் உம்மம்மாமார் சேலை முந்தானையை முக்காடாக இட்டவர்கள். என் வயதினருக்குப் படிப்பித்த ஆசிரியைகள் பலரும் அப்படியே வந்தார்கள். 1977இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டு, வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வது பெருகியபோது, அங்கிருந்து அபாயாவும் வந்தது. மார்க்க விளக்கங்களும் பரவின. பலர் அதை மனமுவந்து ஏற்றார்கள். வேகமாக உடுக்கலாம், பேருந்தில் இலேசாக ஏறலாம், ஒழுக்கமாகவும் இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். வேறு சிலர் சேலையிலும் முக்காட்டிலுமே நின்றார்கள். ஆனால் இந்த மாற்றம் மட்டும் அமைதியாக நடக்கவில்லை. சேலையோடு நின்றவர்களை ஒரு தரப்பு கேள்வி கேட்டது. அபாயாவுக்கு மாறியவர்களை இன்னொரு தரப்பு கேள்வி கேட்டது. இந்தக் கரையில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது வழமை. அந்த வீட்டு வாசலைத் தாண்டி உத்தியோகத்துக்குப் போகும்போது எதை உடுத்துவது என்பதில் மட்டும் அவளைத் தவிர எல்லோருக்கும் கருத்து இருந்தது.

அந்தக் கருத்துகள் அண்மைக் காலத்தில் கட்டளைகளாகவும் வந்தன. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிர்ப்பு எழுந்து, வீதி ஆர்ப்பாட்டம் வரை சென்றது. அவர்கள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். விடயம் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், பின்னர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் சென்றது. அந்தக் கல்லூரியின் பக்கத்தில் சொல்லப்பட்ட நியாயமும் சேலை எங்கள் பாரம்பரியம் என்பதே. தம் பாரம்பரியத்தை நேசிப்பவர்களின் உணர்வை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் வேட்டி கட்டாமல் காற்சட்டையில் வரும் ஆண் ஆசிரியரால் பாரம்பரியம் கெடுகிறது என்ற வாதம் இந்த நாட்டில் எந்த இனத்தவரின் பாடசாலையிலும் எழுவதில்லை.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின், ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மறைப்பது தடை செய்யப்பட்டது. ஒரு மாதம் கழித்து, மே 29ஆம் திகதியிடப்பட்ட 13/2019ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அரச கந்தோர்களில் ஆண்கள் காற்சட்டையும் சேர்ட்டும், அல்லது தேசிய உடை அணிய வேண்டும். பெண்கள் சேலை, அல்லது கண்டியச் சேலையான ஒசரி அணிய வேண்டும். இந்த இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஆணுக்கு மேனாட்டு உடையும் திறந்திருக்கிறது, உள்நாட்டு உடையும் திறந்திருக்கிறது. பெண்ணுக்குச் சேலையைக் கட்டும் முறையில் மட்டுமே தெரிவு. முகம் தெரிய வேண்டும் என்பது பாதுகாப்புக் காரணம், அதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் முகத்தைத் திறந்துவைத்து அபாயா அணியும் எழுதுவினைஞரும், கவுன் அணியும் கிறிஸ்தவ உத்தியோகத்தரும், சல்வார் அணியும் இந்துப் பெண்ணும் அந்த ஒரே வரியால் விதி மீறியவர்களானார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு உட்படப் பல தரப்பினர் ஆட்சேபித்தனர். அடுத்த மாதமே சுற்றறிக்கை திருத்தப்பட்டது. முகம் தெளிவாகத் தெரியக்கூடிய, அரச சேவைக்குப் பொருத்தமான உடை போதும் என்றாயிற்று.

இதை முஸ்லிம்களின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு என்பதை 2022 காட்டியது. பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லை, பேருந்து இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் அரச உத்தியோகத்தர்கள் இலகுவான, பொருத்தமான உடையில் வரலாம் என்று அரசாங்கம் தளர்வு கொடுத்தது. நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையல்லாத உடையில் பாடசாலைக்குச் சென்றார்கள். உடனே நாடு முழுவதும் விவாதம். ஆசிரியைகளின் சேலையில் மாற்றமில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அன்று சேலையின் விலையைப் பற்றியும் சைக்கிளில் போவதைப் பற்றியும் பேசியவர்களில் பெரும்பாலோர் சிங்களப் பெண்கள். கேள்வி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றேதான்.

அப்படியானால் தொழிலிடத்தில் உடைக்கு விதியே இருக்கக்கூடாதா? இருக்க வேண்டும். நான் வைத்தியர். விதிகளால் உயிர் பிழைப்பதை நாளாந்தம் காண்பவள். ஐக்கிய இராச்சியத்தின் சுகாதாரத் திணைக்களம் 2007இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. நோயாளரைத் தொடும் எவரும் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது. கைக்கடிகாரம் கூடாது, நீண்ட கை கூடாது. கைகளை மணிக்கட்டு வரை சரியாகக் கழுவ முடியாமல் போவதே காரணம். இதே அலையில், ஆண் வைத்தியர்களின் மரியாதைச் சின்னமான டையும் நீண்ட கை வெள்ளைக் கோட்டும் வார்டுகளிலிருந்து வெளியேறின. துவைக்கப்படாமல் நோயாளருக்கு நோயாளர் தொங்கித் திரியும் துணி டை. தொழிலுக்காக வந்த விதி என்பதால் அது ஆணின் கம்பீரத்தையும் தொட்டது. முன்கையை மூட விரும்பும் முஸ்லிம் பெண்கள் தங்கள் சிரமத்தை எடுத்துரைத்தபோது, 2010இல் வழிகாட்டல் திருத்தப்பட்டது. ஒருமுறை பாவித்து வீசும் கையுறைக் கைகளை, கையுறையைப் போலவே ஒவ்வொரு நோயாளருக்கும் மாற்றி அணியலாம் என்று வழி காணப்பட்டது. காரணம் தெளிவாக இருந்ததால்தான் மாற்று வழியும் கிடைத்தது.

சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பாருங்கள். அங்கே ஆண் பெண் எல்லோரும் ஒரே நிறத் தளர்வான உடை, எல்லோரும் தலைமுடியை மூடுகிறோம், எல்லோரும் வாயையும் மூக்கையும் மூடுகிறோம். யாருக்கும் அது அவமானமாகவோ அடையாளமாகவோ தெரிவதில்லை. 2019இல் முகத்தை மூடுவது குற்றமாக இருந்த இதே நாட்டில் 2020 ஒக்டோபரில் முகக்கவசம் அணியாமல் வெளியே வருவது குற்றமாயிற்று. மூடுவதும் திறப்பதும் தன்னளவில் சரியோ பிழையோ அல்ல, எதற்காக என்பதே கேள்வி என்பதை ஒரு கிருமி நமக்குக் கற்பித்தது.

துருக்கிக்கு மீண்டும் போவோம். 1925இல் ஆண்களின் தொப்பியைத் தடை செய்த அந்த நாடு, பின்னாட்களில் அரச கந்தோர்களில் பெண்களின் தலைத்துணியையும் தடை செய்தது. அந்தத் தடை பெரும்பாலான துறைகளில் நீங்கியது 2013இல்தான். இடைப்பட்ட காலத்தில் படித்த பெண்கள் எத்தனையோ பேர் பட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். நமக்கு இதுதான் பயமாக இருக்க வேண்டும். உடை விதியின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று பார்த்தால், பாதியில் வேலையை விட்டவர்களும், இடமாற்றம் பெற்றவர்களும், விண்ணப்பமே போடாமல் விட்டவர்களும் பெண்களே.

எங்கள் அரசியலமைப்பு 10ஆம் உறுப்புரையில் மதச் சுதந்திரத்தையும், 12ஆம் உறுப்புரையில் மதத்தாலோ பாலாலோ வேறுபாடு காட்டப்படாமல் இருக்கும் உரிமையையும் தருகிறது. நம்மில் பலர் முதலாவதைப் பேசுகிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். வெளியிலிருந்து அபாயாவைக் கழற்றச் சொன்னால் மதச் சுதந்திரம் என்கிறோம். உள்ளிருந்து ஒரு பெண்ணை அவளுடைய உடைக்காக வார்த்தையால் சுட்டால் அறிவுரை என்கிறோம். இரண்டிலும் அவளுடைய தெரிவு அவளிடமிருந்து எடுக்கப்படுகிறது.

அன்பின் பழைய மாணவியரே, நாம் இன்று கேள்வி கேட்கப்படும் நாற்காலியில் மட்டும் இல்லை. நம்மில் அதிபர்கள் இருக்கிறோம், கல்விப் பணிப்பாளர்கள், சட்டத்தரணிகள், நிர்வாக சேவை உத்தியோகத்தர்கள், விரிவுரையாளர்கள் இருக்கிறோம். நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபக்கத்தில் அமர்கிறோம். ஓர் உடை விதி நம் கையெழுத்துக்காக வரும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். இந்த வேலைக்கும் இந்த விதிக்கும் என்ன தொடர்பு? இதே கேள்வியை இதே பதவியிலுள்ள ஓர் ஆணிடம் கேட்போமா? இதற்குக் கட்டுப்பட முடியாதவருக்கு வேலையை விடாமலே வேறு வழி உண்டா?

அப்துல் காதருக்குப் பின்னால் ஒரு சமூகம் திரண்டது. சேலை உடுப்பவளோ, அபாயா அணிபவளோ, சல்வாரும் முக்காடும் அணிபவளோ, அடுத்த முறை நம் பெண் ஒருத்தி தன் உடைக்காக ஒரு கந்தோர் வாசலில் நிறுத்தப்படும்போது, அவள் அணிந்திருப்பது நாம் அணிவதுதானா என்று முதலில் பார்க்காமல் அவள் பக்கத்தில் போய் நிற்போம்.