போர்வைக்குள் இருந்தவன்

ஆம்பூரில் என் சிறுவயதில், சனிக்கிழமை மாலை டேனரிகளில் கூலி கொடுத்து முடிக்கிற நேரத்துக்குச் சரியாகக் குறளி வித்தைக்காரர் வந்துவிடுவார். ஸ்டேஷன் பக்கம் வட்டமாகக் கூட்டம் கூடும். நடுவில் ஒரு பையன் படுத்திருப்பான். அவன்மேல் கறுப்புப் போர்வை.

"கேட்டா சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"ஐயா கையில இன்னா இருக்கு?"

"பீடிக்கட்டு."

அடுத்து யாரோ நீட்டிய ரூபாய் நோட்டின் கடைசி மூன்று எண்கள். அதையும் சொன்னான். பிறகு வித்தைக்காரர் என் தாத்தாவிடம் வந்தார். "இந்தப் பெரியவருக்கு எங்க நோவுது?" போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது: "கையில."

தாத்தா ஆடிப்போனார். பல வருஷம் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிய கை அது. விரலிடுக்கில் புண் ஆறவே ஆறாது. பத்து ரூபாய் கொடுத்துத் தாயத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குறளி என்பது வித்தைக்காரருக்கு ஏவல் செய்யும் குட்டிப்பேய் என்பது நம்பிக்கை. அதுதான் பையன் காதில் வந்து ஓதுகிறதாம். இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: பேய் தேவையில்லை, ஒரு ப்ரோட்டோகால் போதும். விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உதாரணத்துக்கு நானே ஒரு சங்கேதம் அமைக்கிறேன். 'சொல்லு' என்றால் 1, 'சரியா' என்றால் 2, 'டேய்' என்றால் 3, 'பார்த்து' என்றால் 4. இப்போது "டேய், பார்த்துச் சொல்லு" என்று அதட்டினால் 341. கூட்டத்துக்கு அது வெறும் அதட்டல். பொருள்களும் அப்படித்தான். பீடி, தீப்பெட்டி, சீப்பு, சாவி, பஸ் டிக்கெட் என்று நம் சட்டைப்பையில் இருப்பவை ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து மனப்பாடம் செய்தால் தீர்ந்தது.

இன்று இந்த வகை வித்தைகளுக்கு மேடையில் மென்டலிசம் என்று பெயர். பாரிஸில் ராபர்ட் ஊதேன் என்ற மேஜிக் நிபுணர் 1846-இல் தன் மகன் எமிலின் கண்ணைக் கட்டி உட்காரவைத்து இதே மாதிரி வித்தையைச் செய்தார். குறிப்பு சொற்களில் ஒளிந்திருக்கிறது என்று ஜனங்கள் சந்தேகப்பட்டதும் பேச்சை விட்டுவிட்டு மணி அடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூலியஸ் – ஆக்னஸ் ஜான்சிக் தம்பதி லண்டனைக் கலக்கினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே அவர்களுக்கு மனதோடு மனம் பேசும் சக்தி உண்டு என்று நம்பினார். பின்னாளில் ஜூலியஸ் தன் சங்கேத முறையைத் தானே வெளியிட்டார்.

இந்த வித்தையின் கழுத்தைச் சரியாகப் பிடித்தவர் நமக்குப் பக்கத்தில் இருந்தார். திருவல்லாவில் 1898-இல் பிறந்து, இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர். அற்புத சக்தி உண்டு என்பவர்கள் மோசடிக்கு இடமில்லாத சூழலில் அதை நிரூபித்தால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-இல் சவால் விட்டார். அவர் கொடுத்த பட்டியலில் ஒன்று: மூடி முத்திரையிட்ட ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும்.

'முத்திரையிட்ட' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். வட்டத்துக்குள் நடக்கிற வித்தையில் நோட்டை முதலில் வித்தைக்காரர் பார்க்கிறார். பிறகுதான் பையனுக்குத் தெரிகிறது. உறையை ஒட்டிவிட்டால் அனுப்புகிறவருக்கே விஷயம் தெரியாது. அப்புறம் எதை அனுப்புவது? எந்தச் சங்கேதத்தையும் உடைக்காமலே மொத்த நெட்வொர்க்கையும் கோவூர் துண்டித்துவிட்டார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. திராவிடர் கழகத்தினர் ஊர் ஊராக நடத்திய 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான்.

தாத்தா விஷயத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்தேன். முதலில் பார்த்த கண் யாருடையது? எல்லோருடையதும். சுண்ணாம்பு தின்ற விரல்கள், வெளுத்த நகம், பத்தடி தள்ளி நின்றாலும் வீசுகிற தோல் வாடை. ஆளைப் பார்த்தே அளந்து சொல்வதை மென்டலிஸ்ட்டுகள் கோல்டு ரீடிங் என்பார்கள். ஆம்பூரில் அதற்குப் பெரிய தேர்ச்சி வேண்டாம். பார்த்தும் யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றை ஒரு குரல் சொன்னது; அதனால்தான் அவர் நம்பினார். புண் சீழ் வைத்து வீங்கிய பிறகுதான் தாயத்தை நம்பியது போதும் என்று வேலூருக்குப் பஸ் ஏறினார். இரண்டு விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை.

ஒரு லீவில் வந்தபோது சங்கேதத்தை அவருக்கு விளக்கினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அவ்ளோத்தையும் அந்தப் பையன் மனசுல வச்சிருந்தானா?" என்றார்.

"ஆமா தாத்தா."

கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "என் பத்து ரூபாயில அவனுக்கு எவ்ளோ குடுத்திருப்பான்?"