கருவியே செய்த காயம்

லேப்பில் ரீடிங் வரவில்லையே என்று கையைப் பிசைந்து நின்றிருக்கிறோம். ரீடிங் அதிகமாக வந்ததால் உலகமே குழம்பிய கதை இது.

1984-ல் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தில் கசாயும் நிஷிமுராவும், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் ஆக்ஸிஜனேற்றத்தால் பழுதாவதைக் கண்டார்கள். இரும்புக்குத் துரு மாதிரி! புற்றுநோயையும் முதுமையையும் புரிந்துகொள்ள இந்தத் துருவை எண்ணியாக வேண்டும். பல லேப்கள் கேஸ் குரோமடோகிராபி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எண்ணின. ஆனால் ஒரு லேப்பின் எண்ணுக்கும் இன்னொன்றின் எண்ணுக்கும் நூறு மடங்கு வித்தியாசம்கூட வந்தது.

ஏன்? குவானின் எளிதில் ஆவியாகாது. அதனால் வேதிப்பொருள் சேர்த்துச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் நல்ல குவானினும் பழுதாகிவிட்டது. 1990-களின் நடுவில்தான் குட்டு உடைந்தது.

1997-ல் ஐரோப்பிய ஆய்வகங்கள் 'எஸ்காட்' என்ற குழு அமைத்து, ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பி ஒப்பிட்டன. மனித செல்லில் பத்து லட்சம் குவானினுக்குச் சிலவே பழுது என்று தெரிந்தது. இன்று அப்படிச் சூடாக்கத் தேவையில்லாத லிக்விட் குரோமடோகிராபியோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைத்து அளக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே! ரீடிங்கை நம்புமுன், பழுதில்லாத பொருளையும் அதே வழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்ஜினியரான நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றேன்.