கிராண்ட் கேன்யனில் பிரிந்துபோன மூவர்

நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வருகிறவர்கள் பலர் உண்டு. அநேகம் பேர் கிராண்ட் கேன்யனை மேலிருந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கொலராடோ ஆற்றில் நடந்த முதல் ஆய்வுப் பயணத்தின் கதை பலருக்குத் தெரியாது.

1869 மே 24 அன்று வயோமிங்கில் ரயில் பாதை கிரீன் ஆற்றைக் கடக்கும் இடத்திலிருந்து பத்துப் பேர் நான்கு மரப்படகுகளில் புறப்பட்டார்கள். தலைவர் ஜான் வெஸ்லி பவல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். பத்து மாதத்துக்கு உணவு எடுத்துக்கொண்டு, ஒரு படகு போனாலும் எல்லாம் போகாதபடி சாமான்களைப் பிரித்து ஏற்றினார். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காமல் இருக்குமா? ஆனால் உயரம் அளக்கும் பாரமானிகள் மட்டும் ஒரே படகில் சேர்ந்துவிட்டன. ஜூன் மாதம் பாறையில் மோதி உடைந்தது அந்தப் படகுதான்! நல்லவேளையாகப் பாரமானிகள் சிதைவிலிருந்து மீட்கப்பட்டன.

ஜூலையில் ஒருவர் விலகினார். கிரீன் ஆறு கொலராடோவில் கலந்த பின் பாதை இன்னும் கடினமானது. ஆகஸ்ட் நடுவில் மிஞ்சியது பூசணம் பிடித்த மாவு பத்து நாளுக்கு, கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள், காபி.

ஆகஸ்ட் 27 அன்று மிக மோசமான நீர்ச்சரிவு ஒன்று குறுக்கிட்டது. ஹவ்லண்ட் சகோதரர்கள் இருவரும் வில்லியம் டன்னும், இதில் இறங்குவது தற்கொலை, மேலே ஏறி வடக்கே மார்மன் குடியேற்றங்களுக்கு நடந்துவிடலாம் என்றார்கள். பவல் இரவெல்லாம் தூங்காமல் யோசித்தார். ஆற்றிலேயே தொடர முடிவு செய்தார். மறுநாள் காலை பிரிவு. உணவில் பங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னபோது மூவரும் மறுத்தார்கள். பயணக் குறிப்புகளின் ஒரு பிரதி அவர்களிடம் தரப்பட்டது. சம்னர் என்பவர் தன் கடியாரத்தைச் சகோதரிக்கு அனுப்பும்படி கொடுத்தார். மறுதரப்புதான் ஆபத்தான வழியில் போகிறது என்று இரு தரப்புமே எண்ணிக் கண்கலங்கின.

ஆற்றில் இறங்கிய ஆறு பேரும் அந்தச் சரிவைத் தாண்டி, மறுநாளே கேன்யனை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். கரையேறிய மூவரும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஷிவ்விட்ஸ் பழங்குடியினர் என்றே பவலுக்குச் சொல்லப்பட்டது. மார்மன்கள் என்போரும் உண்டு. இன்றுவரை தீராத வழக்கு.

தெற்கு விளிம்பில் பவல் முனையில் இந்தப் பயணத்துக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கடைசி வரை வந்த ஆறு பேரின் பெயர் அதில் உண்டு. விட்டுப் போனவர்கள் என்று மூவரையும் சேர்க்கவில்லை. என் கணக்கில் இது நியாயமில்லை. மூன்று மாதம் அந்த ஆற்றோடு போராடியவர்கள் அவர்கள். உணவு தீர்ந்த நிலையில், கண்ணில் பட்டதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். இன்னும் ஒரே நாள் பாக்கி என்பது பவலுக்கும் அன்று தெரியாது.

அவர்கள் பிரிந்த இடத்துக்கு இன்றும் பெயர் செபரேஷன் கேன்யன், அதாவது பிரிவுப் பள்ளத்தாக்கு. கல்லில் இடம் தராவிட்டாலும் வரைபடம் அவர்களை மறக்கவில்லை.