டிராவெட் வலிப்பு நோயும் பிள்ளையின் நடையும்: பரந்தனை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள்

பிள்ளைகளுக்கு வரும் அரிய வலிப்பு நோய்களுள் டிராவெட் நோய் ஒன்று. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் டிராவெட் 1978இல் இதைத் தனி நோயாக விவரித்தார். சுகமாகப் பிறந்து வளரும் பிள்ளைக்கு ஒரு வயது நிறையுமுன், பெரும்பாலும் காய்ச்சலோடு, நெடுநேர வலிப்பு வரும். சிலவேளை உடலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்கும். அமெரிக்கக் கணிப்பு ஒன்றின்படி ஏறத்தாழ 15,700 பிறப்புகளுக்கு ஒருவர். பெற்றோரும் வைத்தியர்களும் வலிப்பை எண்ணுவதிலேயே கண்ணாயிருப்பது இயல்பு. ஆனால் வலிப்பு ஓரளவு அடங்கிய பிள்ளையின் நடையும் பின்னாளில் குலையலாம். ஆகவே நடையையும் ஆண்டுதோறும் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. காரணம்

2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்நோயுள்ள 7 பேரைச் சோதித்தார்கள். 7 பேரிடமும் எஸ்சிஎன்1ஏ என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளில் இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாகவே தோன்றுகிறது. கர்ப்பகாலத்தில் தாய் விட்ட பிழை என்று அயலவர் சொல்லும் பேச்சுக்கு இதில் இடமே இல்லை. வைத்தியர் இதைத் தாயிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த மரபணு நரம்பணுக்களின் சோடியம் வாயில்களில் ஒன்றை ஆக்குகிறது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் அணுக்களுக்கு அவ்வாயில் மிக அவசியம். அவை தளர்ந்தால் வலிப்பு எழும். நடையை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் புர்கிஞ்சி அணுக்களும் அதே வாயிலை நம்பியிருக்கின்றன. எனவே தள்ளாட்டம் முழுவதையும் வலிப்பின் தழும்பாகவோ மருந்தின் மயக்கமாகவோ கொள்வது சரியன்று. நோயின் வேரிலேயே அதற்கும் பங்குண்டு.

3. முதலடி

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவையின்படி, பிள்ளைகள் 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள் தனியே நடக்கிறார்கள். டிராவெட் பிள்ளைகள் பலர் இந்த எல்லையை ஒட்டி அல்லது சற்றுப் பிந்தி நடக்கிறார்கள். கால்களை அகட்டி, தள்ளாடி நடந்தாலும் நடந்துவிடுகிறார்கள். ஆபத்தும் இங்கேதான். நடந்துவிட்டது என்று கிளினிக் பதிவேட்டில் எழுதியதும் அந்த விடயம் முடிந்துபோகிறது.

4. முழங்கால் மடங்கிய நடை

டிராவெட் நோயாளரின் நடை பற்றி அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. இடுப்பும் முழங்காலும் மடிந்தபடி நடக்கும் நடை சிறுபிள்ளைகளிடம் இல்லை. ஆறு வயதுக்குப் பின் தலைகாட்டி, 13 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்டது.

மூளைவாதப் பிள்ளைகளிடமும் இப்படியொரு நடை உண்டு. அங்கே தசை விறைப்பு பெரும் காரணம். இங்கே விறைப்பு இல்லை. தொடையெலும்பு உட்புறமும் கீழ்க்காலெலும்பு வெளிப்புறமும் முறுகி, பாதம் தட்டையாகிச் சாய்கிறது. உடலைத் தாங்கும் நெம்புகோல் கோணிப்போகிறது. ஆகவே விறைப்பைத் தளர்த்தும் ஊசியில் இங்கே பலன் எதிர்பார்ப்பதற்கில்லை. வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம்: பிள்ளையின் பழைய செருப்பைக் கவிழ்த்தால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். ஈரக்காலோடு சீமெந்து விறாந்தையில் நடக்கவிட்டால், உட்பாதத்தின் வளைவு விழாமல் முழுப் பாதமும் பதியும். விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.

5. பரந்தனில்

இலங்கையின் வடக்கே, ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடம் பரந்தன். ஒழுங்கையால் நடந்து வந்துதான் பலர் பஸ் ஏறுகிறார்கள். நடை போனால் பள்ளிக்கூடமும் போகும். நடைக்குப் பயிற்சி வேண்டும், ஆனால் உடல் சூடேறினால் இந்நோயில் வலிப்பு கிளம்பலாம். வன்னியின் பகல் வெயிலில் இரண்டும் மோதுகின்றன. காலையிலும் பொழுதுபட்ட பின்னும், ஈரத்துணியும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கவிடுவதே தக்க வழி.

கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலை தெற்கே சில கிலோமீற்றரில் இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஆனையிறவைக் கடந்து நெடுந்தூரம் போக வேண்டும். வலிப்புக் கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே இயன்மருத்துவரும் பிள்ளையை நடக்கவைத்துப் பார்த்தால் ஒரு பயணம் மிச்சம். கைப்பேசியில் பக்கவாட்டில் எடுத்த நடைக் காணொளியை ஒவ்வோர் ஆண்டும் சேர்த்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மருந்துச் சீட்டையும் அன்று பார்க்க வேண்டும். கார்பமசெபினும் பெனிட்டோயினும் இந்நோயில் வலிப்பைக் கூட்டக்கூடியவை. பெனிட்டோயின் தள்ளாட்டத்தையும் தரும். ஆனால் எதையும் பெற்றோர் தாமாக நிறுத்தக்கூடாது.

வளர்ந்தபின் சிலருக்குக் கழுத்து முன்னோக்கிக் குனிந்து, நடை பார்க்கின்சன் நோயாளியின் நடையைப் போலச் சுருங்குகிறது. அவர்களுள் சிலருக்கு லெவோடோபா மருந்து பலன் தந்ததாக 2014இல் மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறும்போது, பழைய நடைக் காணொளிகளும் கோப்போடு போக வேண்டும்.