லண்டனில் தொல்லை, நாவலூரில் செல்லம்: ஒரு கிளியின் ஊர்சுற்றல்

போன டிசம்பர்ல என் சித்தி பையன் லண்டன்ல இருந்து வந்திருந்தான். நாவலூர்ல எங்க பால்கனிக்கு நேரா ஒரு மொட்டைப் பனை நிக்குது, நடுவுல ஒரு பொந்து. காலையில அதுல இருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்துச்சு. நான் பதறிப்போய் போனை எடுக்கறேன். அவன் சிரிக்கிறான். "அக்கா, இதுக்கா? எங்க பார்க்ல இது கூட்டம் கூட்டமா கத்திக்கிட்டு இருக்கும். பெரிய தொல்லைக்கா."

அதே கிளிதான். தமிழ்ல செந்தார்ப் பைங்கிளி. ஆணுக்குக் கழுத்துல சிவப்பும் கறுப்புமா ஒரு வளையம் இருக்கும். இங்க மண்ணின் மகள், அங்க அந்நியர். எப்படிப் போச்சு?

லண்டன்ல ரெண்டு கதை சொல்வாங்க. 1951ல 'ஆப்பிரிக்கன் குயீன்' படப்பிடிப்புல இருந்து தப்பிச்சதுன்னு ஒண்ணு. அறுபதுகள்ல ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கார்னபி தெருவுல ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார்னு இன்னொண்ணு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2019ல குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடர் கொலைகாரன் எங்க குடியிருக்கான்னு போலீஸ் கணிக்கிற அதே வரைபட முறையை வெச்சு, கிளிகள் தென்பட்ட இடங்களை அலசினாங்க. ரெண்டு கதைக்கும் ஆதாரம் கிடைக்கல. 1855லயே நார்ஃபோக்ல இந்தக் கிளியைப் பார்த்ததாகப் பதிவு இருக்கு. 1930 வாக்குல 'கிளிக் காய்ச்சல்' பீதி பரவினப்போ, பயந்துபோன சிலர் கூண்டைத் திறந்து விட்டிருக்கலாம்னும் அவங்க சொல்றாங்க. 1969ல கென்ட் பகுதியில காட்டுல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஆக, ராக் ஸ்டார் யாரும் வேண்டியதில்ல. கூண்டு வியாபாரமே போதும். 1984ல இருந்து 2007 வரைக்கும் ஐரோப்பாவுக்கு இந்த ஒரு இனம் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல இறக்குமதி ஆகியிருக்கு. அங்க இப்ப பறக்கிற கிளிகளோட டிஎன்ஏ-வைப் பார்த்தா, பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்து வம்சம். குளிர் தாங்கின கூட்டம்.

தொல்லைன்னு சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ஸ்பெயின்ல செவில் நகரத்து மரியா லூயிசா பூங்காவுல ஒரு அரிய வகைப் பெரிய வௌவால் இருக்கு. மரப்பொந்துக்காக இந்தக் கிளிகள் அதுங்களைக் கடிச்சே கொன்னிருக்கு. எண்ணிக்கையும் சரிஞ்சுபோச்சு. நம்ம செல்லக் கிளிக்கு இப்படி ஒரு முகமும் உண்டு.

சரி, நாம மட்டும் எப்பவும் கொஞ்சினோமா? குறிஞ்சிப் பாட்டுல தலைவியோட வேலையே தினைப்புனத்துப் பரண்ல உக்காந்து கிளி விரட்டறதுதான். அதுக்குன்னே தட்டை, குளிர், தழல்னு கருவிகள். ஒரு பக்கம் இப்படி விரட்டல். இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கைக்கு மரவள்ளி இலையில தினமும் புதுசா கிளி செய்யறாங்க, மூக்குக்கு மாதுளம்பூ. வயல்ல திருடி, கோயில்ல தோழி.

நகரத்துல அது தோழியா மட்டும் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். நம்மகிட்ட தின்னுட்டுப் போக கதிர் ஏது? ராயப்பேட்டையில கேமரா பழுதுபார்க்கிற ஜோசப் சேகர், 2004 சுனாமிக்கு அப்புறம் மொட்டை மாடியில அரிசி வைக்க ஆரம்பிச்சார். வந்தது ஆயிரக்கணக்கான கிளிகள். ஜனங்க வேடிக்கை பார்க்கவே கூடினாங்க. ஆனா எங்க அபார்ட்மென்ட்ல புறாவுக்கு ஒரு பிடி போட்டா வாட்ஸ்அப் குரூப்ல பஞ்சாயத்து. பால்கனிக்கெல்லாம் வலை வேற. பச்சைக்கு ஒரு நீதி, சாம்பலுக்கு ஒரு நீதி!

இந்தப் பாசத்துக்கு இன்னொரு பேர் கூண்டு. எங்க அம்மாச்சி வீட்டுத் திண்ணையில ஒரு கிளி இருந்துச்சு. றெக்கையை வெட்டி விட்டிருந்தாங்க. என் பேரைச் சொல்லும். எனக்கு அவ்ளோ பெருமை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அப்புறம் 1990-91ல இந்தியப் பறவைகளோட வணிகத்துக்கே தடை. எல்லாம் இருந்தும் அந்தத் திண்ணைக்கு எதுவும் வந்து சேரல. கிளி ஜோசியமும் இதே கணக்குலதான் குற்றம். ஆஸ்திரேலியாவோட லவ் பேர்ட்ஸைக் கூண்டுல வெச்சா மட்டும் தப்பில்ல. உள்ளூர்க்காரிக்குத்தான் சட்டத்துல விடுதலை. லண்டனுக்குப் போனது தப்பிச்ச கிளி, எங்க வீட்டுது தப்பிக்காத கிளி. இதை நான் சித்தி பையன்கிட்ட சொன்னப்போ அவன் கொஞ்ச நேரம் பேசல.

இப்ப அந்தப் பனை நிக்கிற மனையில ஒரு பில்டர் போர்டு வந்திருக்கு. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாங்க. மனைக்காரர்கிட்ட கேட்டேன். "மொட்டை மரம்தானேம்மா, அதுக்கென்ன அனுமதி"ன்னார். மொட்டையானாத்தானே பொந்து! அதை அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். பதில் வரல. இப்போதைக்கு மரம் நிக்குது. பெண் கிளி பொந்துக்குள்ளயே இருக்கு, ஆண் கிளிதான் இரை கொண்டுவந்து ஊட்டுது.