ஃபியூஸ் கட்டை: ஒரு சிறு வரலாறு

நம் ஊரில் கரண்ட் போனால் புகார் சொல்லும் மின்வாரிய அலுவலகத்துக்கு 'ஃபியூஸ் ஆஃப் கால்' என்று பெயர். மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், டிரான்ஸ்ஃபார்மரே வெடித்தாலும் பெயர் அதுதான். பில் கட்டாதவர் வீட்டில் 'ஃபியூஸைப் பிடுங்கிட்டாங்க' என்போம். பதவி போன பெரிய மனிதரை 'ஃபியூஸ் போன பல்பு' என்போம். இப்படி நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட ஒரு சாமான், இன்று புது வீடுகளில் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் ஃபியூஸ் கட்டை என்றால் 'அது என்ன தாத்தா?' என்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷத்துக்கு மேல் எலெக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அந்தக் கட்டையின் கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மொத்தம் மூன்றே பாகம். பலகையில் திருகி வைத்த பீங்கான் அடிப்பாகம் ஒன்று. அதில் செருகி எடுக்கும் பீங்கான் மூடி ஒன்று. அதைத்தான் கேரியர் என்போம். கடைக்காரர்கள் 'கிட்கேட்' என்றும் சொல்வார்கள். மூன்றாவது, கேரியரின் இரண்டு திருகுகளுக்கு நடுவே கட்டிய மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் கம்பி சூடேறி உருகி அறுந்துவிடும். பீங்கான் அப்படியே இருக்கும். சில பைசா பெறும் புதுக் கம்பியைக் கட்டிச் செருகினால் விளக்கு எரியும். சாகிற பாகத்தை மலிவாகவும், சாகாத பாகத்தை நிரந்தரமாகவும் பிரித்து வைத்ததுதான் இதன் சூட்சுமம்.

இந்த யோசனை வீட்டு மின்சாரத்தை விட மூத்தது. 1847ல் பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிரெகே என்பவர், தந்தி நிலையங்களுக்குள் வரும் கம்பியில் ஓரிடத்தில் மெல்லிய கம்பியை இணைக்கச் சொன்னார். வெளியே கம்பத்தில் இடி விழுந்தால் அந்த மெல்லிய துண்டு முதலில் உருகி அறும். உள்ளே இருக்கும் கருவியும் அதை இயக்குகிறவரும் தப்பிப்பார்கள்.

மின்விளக்கு வந்தபோது எடிசன் இதையே எடுத்துக்கொண்டார். விளக்குச் சுற்றுகளுக்கான 'பாதுகாப்புக் கடத்தி' ஒன்றுக்கு 1880ல் காப்புரிமை பெற்றார். 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது, ஈயத்தால் ஆன ஃபியூஸ்களும் கூடவே வந்தன. ஆரம்ப காலத்தில் அவற்றை மரக்கட்டையில்தான் பொருத்தினார்கள். உருகிச் சிதறும் உலோகத்தை மரத்தின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகுதான் பீங்கான் வந்தது. நாம் இன்றும் 'கட்டை' என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்த மரக்கட்டை நினைவுக்கு வரும்.

எவ்வளவு கனமான கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும்? ஆரம்பத்தில் இது குத்துமதிப்புதான். இதைக் கணக்குக்குள் கொண்டு வந்தவர் பிரிட்டிஷ் தபால் துறையின் மின் பொறியாளர் வில்லியம் பிரீஸ். 1880களில் பல உலோகங்களின் கம்பிகளை உருக்கிப் பார்த்து, ராயல் சொசைட்டிக்குக் கட்டுரைகளாகக் கொடுத்தார். அவருடைய விதி இதுதான்: கம்பியின் விட்டத்தை அதனுடைய வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்த உலோகத்துக்கு உரிய ஓர் எண்ணாலும் பெருக்கினால் உருகும் ஆம்பியர் கிடைக்கும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்தால் செம்புக்கு அந்த எண் 80. ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் 80 ஆம்பியரில் உருகும். அரை மில்லிமீட்டர் கம்பி சுமார் 28 ஆம்பியரில் உருகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விட்டம் இரு மடங்கானால் உருகும் ஆம்பியர் இரு மடங்காவதில்லை. கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. கண்ணுக்கு 'கொஞ்சம் தடிமன்' என்று தெரிகிற கம்பி, உண்மையில் எக்கச்சக்கமாகத் தாங்கும்.

இன்னொரு விஷயம். அரை மில்லிமீட்டர் கம்பி 28 ஆம்பியரில்தான் உருகும் என்றேன். ஆனால் அதை 15 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி என்றுதான் விற்பார்கள். 30 ஆம்பியர் என்று விற்கும் 0.85 மில்லிமீட்டர் கம்பி உருக 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதாவது பெட்டியில் போட்டிருக்கும் எண், கம்பி சூடாகிக் கெடாமல் நாள் முழுக்கத் தாங்கும் அளவு. உருகும் அளவு அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதனால்தான் கம்பி கட்டும் ஃபியூஸ் இருக்கும் சுற்றில் வயரைக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் வயரிங் விதிகள் சொல்கின்றன. 'ஃபியூஸ் இருக்கிறது, கவலை இல்லை' என்று மெல்லிய வயரைப் போட்டால், ஃபியூஸ் யோசித்து முடிப்பதற்குள் வயர் வெந்துவிடும்.

பிரீஸ் காலத்திலேயே இன்னொரு பாதையும் திறந்தது. 1890ல் மோர்டி என்ற ஆங்கிலப் பொறியாளர், உருகும் செம்பை ஒரு குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் மணல், சுண்ணாம்பு போன்ற பொடியை நிரப்பும் ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் பொடி? கம்பி உருகி அறுந்தவுடன் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. அறுந்த இடைவெளியில் நெருப்புப் பாலமாகத் தாவி ஓடும். நாங்கள் அதை ஆர்க் என்போம். கேரியரைக் கழற்றினால் பீங்கானில் கரியும் செம்புத் துளியும் அப்பியிருக்குமே, அது ஆர்க் விட்டுச் சென்ற தடம். மணலுக்குள் இருந்தால் ஆர்க்கின் வெப்பத்தை மணல் வாங்கிக்கொண்டு தானும் உருகிக் கண்ணாடிபோல் இறுகி அதை அணைத்துவிடும். தொழிற்சாலைகளில் நாம் பார்க்கும் ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் இந்த வம்சம். அது 80,000 ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட்டைக்கூட சத்தமில்லாமல் அடக்கும். கம்பி கட்டும் பீங்கான் ஃபியூஸுக்கு பிரிட்டிஷ் தரவிதி வைத்த வகைகள் 1,000, 2,000, 4,000 ஆம்பியர்; அவ்வளவுதான். ஆனால் மணல் ஃபியூஸ் போனால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டும். கட்டை ஃபியூஸ் போனால் கம்பி மட்டும்தான் செலவு.

ஆக, திரும்பத் திரும்பப் பயன்படும் ஃபியூஸை வடிவமைத்தவர்களுக்கு மூன்று கேள்விகள் இருந்தன. ஒன்று, கம்பி மாற்றுகிறவன் கையில் ஷாக் அடிக்கக் கூடாது. பிடித்து இழுத்தால் கம்பியோடு கழன்று வரும் கேரியர் இதற்குப் பதில். இரண்டு, ஆர்க் வெளியே சீறக் கூடாது. பீங்கானும், கம்பியை நுழைக்கும் கல்நார் குழலும் இதற்கு ஓரளவு பதில். மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. கம்பி மாற்றுகிறவன் சரியான கம்பியைத்தான் கட்டுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்த மூன்றாவது கேள்விக்கு நாட்டுக்கு நாடு ஒரு விடை தேடினார்கள். அமெரிக்காவில் பல்பு போலவே திருகிப் போடும் ஃபியூஸ். அதில் 15, 20, 30 எல்லாம் ஒரே மரைதான். ஃபியூஸ் போனால் அதன் பின்னால் ஒரு செம்பு நாணயத்தை வைத்துத் திருகிவிடும் பழக்கம் அங்கே பரவியது. அதைத் தடுக்க, ஒருமுறை பொருத்தினால் கழற்ற முடியாத, ஆம்பியருக்கு ஆம்பியர் மாறுபட்ட உள்வளையம் கொண்ட 'டைப் எஸ்' ஃபியூஸைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் சீமென்ஸின் 'டயஸெட்' ஃபியூஸில், அடிப்பாகத்தில் அளவு வளையம் ஒன்று இருக்கும். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் அந்த ஓட்டைக்குள் இறங்கவே இறங்காது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இன்னொரு வகையும் ஓடியது. குழாயைத் திருகித் திறந்து, உள்ளே துத்தநாகத் தகட்டை மட்டும் மாற்றலாம். சிக்கனம்தான். ஆனால் ஒரு தகட்டுக்குப் பதில் இரண்டு வைக்கிற கை எங்கும் உண்டு அல்லவா? இன்று அமெரிக்க வயரிங் விதி அந்த வகையைப் புது இடங்களில் அனுமதிப்பதில்லை. பழைய இடத்தில் மாற்றாகப் போடலாம். அதுவும் யாரும் கைவைத்ததற்கு அடையாளம் இல்லாவிட்டால்தான்.

பிரிட்டனும், அதைப் பின்பற்றிய நாமும் மனிதனை நம்பினோம். கேரியருக்கு ஓர் இந்தியத் தரவிதி (ஐ.எஸ். 2086), கம்பிக்கு ஒரு தரவிதி (ஐ.எஸ். 9926) என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் கேரியரில் எதைக் கட்டினாலும் அது வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி, சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாள் என்று நான் பார்க்காததில்லை.

வீடுகளில் அதிகம் கட்டியது ஃப்ளெக்ஸ் வயரின் இழை. 14/36, 23/36 என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் கேஜ். 36 கேஜ் இழையின் விட்டம் 0.19 மில்லிமீட்டர். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியின் விட்டம் 0.20 மில்லிமீட்டர். பழைய ரப்பர் வயரில், ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைத் தின்னாமல் இருக்க வெள்ளீய முலாம் பூசியிருப்பார்கள். அதனால் அசல் ஃபியூஸ் கம்பி போலவே வெள்ளையாகவும் இருக்கும். ஆக, விளக்குச் சுற்றுக்கு 'ஒரு இழை போடு' என்று சொன்ன நம் அப்பாக்கள் கணக்குத் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கெட்டது எங்கே என்றால், 'அடிக்கடி போகுதே' என்று நான்கு இழையை முறுக்கிக் கட்டியதில். ஒரு இழை 7 ஆம்பியருக்குள் உருகும். நான்கு சேர்ந்தால் 20க்கும் மேலே தாங்கும். சுவருக்குள் ஓடும் விளக்கு வயரோ 5 ஆம்பியருக்குப் போட்டது.

நான் வேலையில் இருந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன மர இழைப்பகம் இரவில் எரிந்தது. காவலுக்குப் படுத்திருந்தவர் புகையில் விழித்து ஓடித் தப்பினார். மரம் முழுக்கச் சாம்பல். சில நாள் கழித்து மாணவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கேசிங் பட்டை எரிந்து வயர்களெல்லாம் அம்மணமாகத் தொங்கின. மெயின் ஃபியூஸ் கேரியரை உருவினேன். உள்ளே, கம்பத்து லைனில் ஓடும் அலுமினியக் கம்பியின் ஒரு புரி. கட்டடமே போன பிறகும் அந்த ஃபியூஸ் மட்டும் பத்திரமாக இருந்தது. யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை நின்றுபோன ஒரு மாலையில், அவசரத்தில், யாரோ. மாணவர்கள் யாரும் பேசவில்லை. அன்று நான் பாடம் நடத்தவும் இல்லை, தேவைப்படவில்லை.

இன்னொரு பழைய ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய வீடுகளில் தேக்குப் பலகையில் இரண்டு கட்டை இருக்கும். பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும். 'கரண்ட்தான் இல்லையே' என்று கை வைத்தவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். 1956ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் நியூட்ரலில் தனி ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று இருந்தது. சட்டம் வந்தாலும் பலகைகள் வெகுகாலம் மாறவில்லை. கிராமத்து மோட்டாருக்கோ வேறு தொல்லை. மூன்று பேஸில் ஒரு ஃபியூஸ் மட்டும் போனால், மோட்டார் மீதி இரண்டில் முனகிக்கொண்டே ஓடி காயிலைக் கருக்கிவிடும். எத்தனை விவசாயிகள் காயில் கட்டிக் கடன்பட்டார்கள்!

கடைசியில் கம்பியே வேண்டாம் என்று முடிவாயிற்று. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் 1924ல் காப்புரிமை பெற்ற சின்ன சர்க்யூட் பிரேக்கர், ஃபியூஸ் இருந்த அதே மரையில் திருகிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இன்று நாம் எம்.சி.பி. என்று சொல்வதன் மூதாதை அதுதான். அது விழுந்தால் விரலால் தூக்கிவிட்டால் போதும். முக்கியமாக, அதற்குள் நாலு இழை முறுக்கிக் கட்ட இடமில்லை.

எனக்குக் கட்டை ஃபியூஸ் மேல் கோபம் கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு முழம் கம்பியும் வைத்து, வீட்டு ஆளே சரிசெய்துகொள்ளக்கூடிய சாமான் அது. அதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். மனிதனின் அவசரத்தை மட்டும் அவர்களால் பீங்கானில் வார்க்க முடியவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது இன்னும் பழைய கட்டை இருந்தால், ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைக்கச் சொல்லி, உள்ளே என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இதையும் நினைவில் வையுங்கள்: 5 ஆம்பியர் ஃபியூஸ் வயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் போதும். அதற்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். பென்ஷன் பணத்தில் ஒரு மாதம் வேறு எதையாவது குறைத்துக்கொண்டாவது அதைப் போட்டுவிடுங்கள்.

பழைய கேரியரைத் தூக்கிப் போட மனம் வராவிட்டால், கம்பியைக் கழற்றிவிட்டு அலமாரியில் வையுங்கள். பேரன் கேட்டால் காட்ட உதவும்.